புலால் மறுத்தலும் புலன்களின் வேற்றுமையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர் நேமிநாதரின் வரலாறு இவ்வவையினர் அனைவரும் அறிந்தது. மணக்கோலம் பூண்டு ஊர்வலமாகச் சென்ற அவர் செவியில் விலங்குகளின் ஓலம் விழுந்தது. மணவிருந்துக்காக அவை அடைத்து வைக்கப்பட்டுள்ளன என்று தேர்ப்பாகன் சொன்னான். அந்த நொடியில் தேர் திரும்பியது; மணமகன் துறவியானார். திருமலைக் குன்றில் சிகாமணிநாதராக உயர்ந்து நிற்கும் அப்பெருமானைத் தரிசிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அன்று அந்த ஊர்வலத்தில் சென்றவர் பலர். ஓலம் அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மேளமும் சிரிப்பும் சூழ்ந்த வேளையில் அதைக் கேட்டு நின்றவர் ஒருவர் மட்டுமே. மற்றவர் கேளாததைக் கேட்பதும், காணாததைக் காண்பதும் அறத்தின் தொடக்கம் ஆகலாம் என்பதற்கு அதுவே சான்று.

இன்றைய உரையின் பொருள், புலன்கள் வேறு விதமாக அமைந்த மாந்தரைப் பற்றியது. ஆட்டிசம் உடையவர்கள் ஊனுணவையும், பாலும் தேனும்கூட விலக்கிய வீகன் உணவையும் எவ்வாறு எண்ணுகின்றனர் என்பதே அது. கொல்லாமையை உயிராகக் கொண்ட ஒரு சமூகத்துக்கு இது தொலைவிலுள்ள பொருளாகத் தோன்றக்கூடும். ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எல்லாச் சமூகங்களிலும் பிறக்கின்றனர். சமண இல்லங்களும் அதற்கு விலக்கல்ல.

ஆட்டிசம் என்பது பிறவியிலேயே அமையும் மூளை வளர்ச்சி வேறுபாடு. பேச்சு, பழகும் முறை, மாற்றத்தை ஏற்கும் இயல்பு ஆகியவற்றோடு, ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றை உணரும் அளவும் இவர்களிடம் வேறுபடும். 1943-ஆம் ஆண்டில் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து முதல் விரிவான கட்டுரையை எழுதிய மருத்துவர் லியோ கானர், அவர்களுள் பலர் கைக்குழந்தைப் பருவத்திலேயே உணவை மறுத்ததைக் குறித்திருக்கிறார். வெளியுலகிலிருந்து குழந்தைக்குள் முதலில் நுழைவது உணவு அன்றோ! ஆகவே உணவும் ஆட்டிசமும் பற்றிய பேச்சு அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்த நாள் முதலே தொடர்கிறது.

ஆட்டிசம் உடையோர் எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர். உலகறிந்த மூவரின் வாழ்க்கையே இதை விளக்கப் போதுமானது.

முதலாமவர் டெம்பிள் கிராண்டின் அம்மையார். 1947-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். நான்கு வயதை நெருங்கும்வரை பேசாதிருந்த அவரைக் காப்பகத்தில் சேர்த்துவிடும்படி மற்றவர் கூறியும் தாயார் இணங்கவில்லை. பிற்காலத்தில் அவர் விலங்கியல் துறையில் முனைவர் பட்டம் பெற்றுக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தாம் சொற்களால் சிந்திப்பதில்லை, படங்களால் சிந்திப்பதாக அவர் கூறுவார். 1995-இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பும் அதுவே.

இறைச்சிக் கூடங்களுக்குச் செல்லும் பாதையில் மாடுகள் ஏன் மிரண்டு நிற்கின்றன என்பது தொழிலாளர்களுக்கு விளங்கவில்லை. அடித்தும் மின்கோல் கொண்டு தொட்டும் விரட்டினர். அம்மையார் அந்தப் பாதைக்குள் தாமே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் குனிந்து நடந்து பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு சங்கிலி, வேலியில் மாட்டியிருந்த ஒரு மேலங்கி, தரையில் விழுந்த நிழல், நீர்த்தேக்கத்தில் தெறித்த ஒளி என ஒவ்வொன்றும் மாட்டை அஞ்சச் செய்வதைக் கண்டார். சிறு மாற்றமும் பெரும் அச்சமாகும் அனுபவம் அவருக்குப் பிறவியிலேயே உண்டு. அதனாலேயே விலங்கின் அச்சம் அவருக்குப் புலப்பட்டது. அவர் வகுத்த வளைந்த பாதைகளும் கருவிகளும் பரவின. வட அமெரிக்காவின் மாடுகளில் ஏறத்தாழப் பாதி, அவர் வடிவமைத்த அமைப்புகளின் வழியாகவே கொண்டு செல்லப்படுகின்றன.

அவ்வளவு அறிந்தவர் ஊனுண்பதைக் கைவிட்டாரா? இல்லை. மனித இனம் தாவர உணவினமாக அமைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவரே எழுதியுள்ளார். ஊன் விலக்கிய உணவைத் தாம் முயன்று பார்த்ததாகவும், தலைசுற்றலும் சிந்தனைக் குழப்பமும் ஏற்பட்டு இயலாமற் போனதாகவும் கூறுகிறார். மனிதர் வளர்க்காவிடில் இவ்விலங்குகள் பிறந்தே இரா. ஆகவே நல்வாழ்வும் வலியற்ற இறப்பும் அவற்றுக்குத் தரவேண்டியது மனிதரின் கடன் என்பது அவர் நிலைப்பாடு.

இரண்டாமவர் இங்கிலாந்தின் கிறிஸ் பேக்கம். இயற்கை குறித்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் அந்நாட்டில் வீடுதோறும் அறியப்பட்டவர். சிறுவனாயிருந்தபோது ஒரு சிறு வல்லூற்றுக் குஞ்சை எடுத்து வளர்த்தார். அது இறந்தபோது ஏற்பட்ட துயரம் அவரை நெடுநாள் வாட்டியது. மனிதரோடு பழகத் தடுமாறிய சிறுவனுக்கு அப்பறவையே உறவாக இருந்ததைத் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். நாற்பது வயதைக் கடந்த பின்னர், 2005-இல்தான் அவருக்கு ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டது. நெடுங்காலம் ஊன் மறுத்து வாழ்ந்த அவர் 2019-இல் வீகன் உணவுக்கு மாறினார்.

மூன்றாமவர் சுவீடன் நாட்டின் கிரெட்டா துன்பர்க். 2003-இல் பிறந்தவர். பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பள்ளியில் அறிந்தபின் அந்த எண்ணத்தை அவரால் ஒதுக்கி வைக்க இயலவில்லை. பதினொரு வயதில் பேச்சும் உணவும் ஏறத்தாழ நின்றுபோயின. இரண்டு மாதங்களில் பத்துக் கிலோ எடை குறைந்தது. எதை உண்டாள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பெற்றோர் ஒவ்வொரு வேளையும் குறித்து வைத்தனர். அதன் பின்னரே ஆட்டிசம் என்ற முடிவு கிடைத்தது. மெல்லத் தேறிய அச்சிறுமி ஊனையும் பாலையும் விலக்கினாள். சான்றுகளை அடுக்கிப் பேசிப் பெற்றோரையும் அவ்வழியில் திருப்பினாள். 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் முன் தனியே அமர்ந்த அச்சிறுமியின் அறவுணர்வு, அதற்கு முன்பே தன் வீட்டுச் சமையலறையை மாற்றியிருந்தது.

மூவரும் ஆட்டிசம் உடையவர்கள். மூவரும் விலங்கின்பால் அன்புடையவர்கள். ஆயினும் ஒருவர் ஊனுண்கிறார். இருவர் பாலையும் விலக்கியுள்ளனர். ஆட்டிசம் உடையோர்க்கு இரக்கமில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கூற்று எவ்வளவு பிழையானது என்பதற்கு இம்மூவருமே சான்று. 2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உடையவர், இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இரு வேறு இயல்புடையோர் சந்திக்கும்போது புரியாமை இரு பக்கத்திலும் உள்ளது. குறையை ஒருவர் மீது மட்டும் சுமத்துதல் முறையன்று என்றார்.

இனி, சமண அறத்தின் அளவுகோலில் இம்மூவரையும் எவ்வாறு காண்பது? கிராண்டின் அம்மையாரின் பணி கொல்லாமை ஆகுமா என்றால், ஆகாது என்பதே நேர்மையான விடை. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும், மனம் மொழி மெய் ஆகிய மூன்றினாலும், இம்சையே என்பது ஆகமத் துணிபு. ஊனைக் கொள்பவனுக்குக் கொலையில் பங்கில்லை என்னும் வாதத்தைத் தமிழ்ச் சமண நூலாகிய நீலகேசி பௌத்தருக்கு எதிராக மறுத்துரைக்கிறது. வலியைக் குறைத்த கொலையும் கொலையே.

எனினும் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கும்போது, அதன் வேர் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, என்று காட்டுகிறார். தொங்கும் சங்கிலியைக் காணாமல் மாட்டை அடித்தவர்களின் குற்றம் அந்த விழிப்பின்மையே. பார்த்துப் பார்த்து அடி வைத்தல் என்னும் சமிதியைச் சமண முனிவர் பயில்கின்றனர். அந்தக் கூர்ந்த பார்வையில் ஒரு சிறு கூறு, ஊனுண்ணும் ஓர் அம்மையாரிடத்தும் விளங்கியது. அவர் முடிவை ஏற்காமலே அவர் பார்வையை மதிக்கலாம். அநேகாந்தம் கற்பித்த சமூகத்துக்கு இது கடினமன்று.

மற்ற இருவரும் எழுப்பும் கேள்வியோ சமண இல்லங்களை நோக்கியே வருகிறது. மது, புலால், தேன் ஆகியவற்றை மூலகுணமாகவே விலக்கிய மரபு, பாலை ஏற்றுக்கொண்டது. கன்று குடித்த பின் கறந்த காலத்தில் அந்த ஏற்பு அமைந்தது. இன்றைய பெரும் பண்ணைகளில் கன்று தாயிடமிருந்து பிறந்த சில நாட்களுக்குள், சில வேளை சில மணி நேரத்துக்குள், பிரிக்கப்படுகிறது. வெளிநாட்டுச் சமணருள் சிலர் இதை ஆராய்ந்து பாலை விட்டிருக்கின்றனர். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை, சொன்ன சொல்லைச் சொன்னபடியே பொருள் கொள்ளும் இயல்பினால், "கன்றுக்குரிய பாலை எடுப்பது கொல்லாமையா?" என்று பாட்டியிடம் பலர் நடுவே கேட்கக்கூடும். அது துடுக்கன்று. பெரியோர் கற்பித்த அறத்தை முழுதாக நம்பியதன் விளைவு. அக்கேள்விக்குச் சினம் விடையாகாது. சிந்தித்துச் சொல்லும் மறுமொழியே விடையாகும்.

இறுதியாக, இல்லத்து உணவுத் தட்டைப் பற்றிச் சில சொல்ல வேண்டும்.

ஆட்டிசம் உள்ள பலர்க்கு உணவு என்பது சுவைக்கு முன் தொடுகை. கத்தரிக்காயின் வழவழப்பு, முருங்கையின் நார், தாளித்த கடுகு பல்லிடைப் படுதல் ஆகியவை பிறர்க்குச் சிறியன. இவர்களுக்குத் தாங்க இயலாதன. ஐந்தாறு உணவுகளை மட்டுமே ஏற்கும் குழந்தைகள் உளர். இது பிடிவாதமன்று, தவிர்ப்பு அல்லது கட்டுப்பாட்டு உணவு உட்கொள்ளல் கோளாறு என்ற பெயரில் 2013 முதல் மருத்துவ நூல்களில் தனியே இடம்பெற்றுள்ள நிலை. செல்வ நாடுகளிலும், இவ்வாறு சில உணவுகளை மட்டும் உண்ட குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி நோய் வந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஆகவே 'தானாகச் சரியாகிவிடும்' என்று வாளாவிருத்தலும் தவறு.

இத்தகைய குழந்தை மெலியும்போது, முட்டை கொடுக்கலாமே என்ற அறிவுரை வரும். தாய் தந்தையர் அறத்துக்கும் பிள்ளையின் உடல் நலத்துக்கும் நடுவே நின்று கலங்குவர். அக்கலக்கம் தேவையில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுவதும் நேர்மையாகாது. ஆயினும் வழிகள் உள. பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, கேழ்வரகு, பால் ஆகியவற்றுள் எது அக்குழந்தையின் நாவுக்கு இசையும் வடிவில் அமையும் என்று தேடலாம்; மாவாகவோ, மொறுமொறுப்பாகவோ, கூழாகவோ ஆக்கிப் பார்க்கலாம். பாலும் விலக்கியவர்க்கு வைட்டமின் பி12 மருந்தாகத் தரவேண்டியது கட்டாயம். தாவர உணவில் அது நம்பத்தகுந்த அளவில் இல்லை. இரத்தப் பரிசோதனையும் உணவியல் வல்லுநரின் துணையும் இன்றி எம்முடிவும் எடுத்தல் ஆகாது.

இரண்டு செயல்களை மட்டும் விலக்க வேண்டும். ஒன்று, வாயைப் பிடித்து ஊட்டுதல். அஞ்சி நடுங்கும் ஓர் உயிரை வன்மையால் உண்பித்தல், மாட்டை மின்கோலால் விரட்டியதினின்று எவ்வளவு வேறு? மற்றொன்று, அறியாமல் எதையேனும் கலந்து கொடுத்தல். சிறு சுவை மாற்றத்தையும் கண்டுகொள்ளும் குழந்தை, அன்று முதல் அந்த உணவையே கைவிடக்கூடும். கொடுத்தவர் கையையும் நம்பாது போகும்.

சமண ஒழுக்கத்தின் சில கூறுகள் இவர்களுக்குத் துணையாவதும் உண்டு. பொழுது சாயுமுன் உண்ணல், உண்பன இவை விலக்குவன இவை என்னும் தெளிவு ஆகியவை, திடீர் மாற்றத்தை அஞ்சும் மனத்துக்கு ஓர் அமைதி. அதே இயல்பில் ஓர் இடரும் உண்டு. விதியை எழுத்துப்படி பற்றும் பிள்ளை, நோன்பை அளவு கடந்து மேற்கொள்ளக்கூடும். சோடச பாவனைகளுள் தியாகமும் தவமும் 'சக்திக்கேற்ப' என்றே கூறப்பட்டுள்ளன. அச்சொல்லைப் பெரியோர் அப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்லி, விரதத்தின் எல்லையை நாள் குறித்தும் வேளை குறித்தும் தெளிவாக வரையறுத்துத் தருவது கடமை.

விழாப் பந்தியில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு, இலையில் வைத்த எதையும் தொடாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச்சோற்றை மட்டும் உண்ணக் கூடும். அருகிலிருப்பவர் "என்ன வளர்ப்பு!" என்று சொல்லும் ஒரு சொல், அத்தாயை அடுத்த ஆண்டு விழாவுக்கே வரவிடாமல் செய்துவிடும். அவர்களுக்கு அமைதியான ஒரு மூலையை ஒதுக்கித் தருவதற்குச் செலவொன்றும் இல்லை. எல்லாரும் கேளாத ஓலத்தை ஒருவர் கேட்டு நின்றதால் தேர் திரும்பியது. காதைப் பொத்தி அமர்ந்திருக்கும் அப்பிள்ளைக்கு என்ன கேட்கிறது என்று ஒருமுறையேனும் கேட்டறிவது, நேமிநாதரை வணங்குவோர்க்கு உரிய வழிபாடேயாகும்.

கொல்லாமை அறம் ஓங்குக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!