திங்களும் தீட்டும்: மாதவிடாய் நாள்கள் ஒன்றுகூடுமா?



சொல்லாராய்ச்சியில் வாழ்நாளைக் கழித்த நாம், நிபோங் திபாலுக்கு வந்து மாதவிடாயைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிந்தபோது அழைப்பிதழை அச்சிட்ட நண்பரே ஒருமுறை தயங்கினார். தயக்கத்திற்கு இடமில்லை. சேர்ந்து வாழும் பெண்களின் மாதவிடாய் நாள்கள் காலப்போக்கில் ஒன்றுகூடும், அதற்கு ஓர் உடலினின்று மற்றோர் உடலுக்குச் செல்லும் வேதிப்பொருளே காரணம் என்னும் கருத்து, இன்று கல்லூரி விடுதிகள் தோறும் வழங்குகிறது. அது மெய்யா என்பதே இன்றைய வினா. வினா உடலியலைச் சார்ந்தது. ஆயினும் அது உயிர்பிழைத்திருப்பதில் மொழிக்கும் பங்குண்டு என்பது நம் கருத்து.

இவ்வினா நம்மிடம் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு மகளிர் விடுதியின் காப்பாளராகவும் இருந்தோம். ஓர் அறையில் மூன்று மாணவியர். அவர்களுள் ஒருத்திக்கு நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. மற்ற இருவர்க்கும் நாள் ஒத்திருந்தது. ‘உன் நாள் எங்கள் நாளோடு சேர்வதற்காக நகர்கிறது, பொறுத்திரு’ என்று மூத்த மாணவியர் கூற, அவளும் பொறுத்திருந்தாள். செய்தி நம் காதுக்கு வந்தபோது நாமும் அதை மறுக்கவில்லை. எங்கோ படித்த நினைவு. அறிவியல் சொல்கிறது என்று தலையசைத்துவிட்டோம். அவள் கதையைப் பின்னர்த் தொடர்வோம்.

தமிழில் மதிக்கும் மாதத்திற்கும் ‘திங்கள்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. வானத்து மதி ஒரு சுற்றினை முடிக்க ஏறத்தாழ 29½ நாள் ஆகும். பெண்ணுடலின் சுழற்சியும் ஏறக்குறைய அவ்வளவே ஆதலால், ‘மாதவிடாய்’, ‘மாதவிலக்கு’ என்னும் பெயர்கள் அமைந்தன. பெயர் அமைந்ததும் ஒரு மயக்கமும் உடன் வந்தது. மாதம் எல்லார்க்கும் பொதுவானது. மாதவிடாயும் அவ்வாறே ஒரே அளவினது என்று எண்ணத் தோன்றுகிறது. உண்மையில் வளர்ந்த பெண்டிர்க்கே 21 நாள் முதல் 35 நாள் வரை இச்சுழற்சி வேறுபடும். ஒருத்தியின் சுழற்சியே திங்கள்தோறும் சில நாள் முன்பின்னாகும்.

இனி, ‘தீட்டு’ என்னும் சொல்லைப் பார்ப்போம். இது ‘தீண்டு’ என்னும் வினையோடு உறவுடையது. தொடுதலே அதன் வேர்ப்பொருள். ஒன்றைத் தொட்டால் ஒட்டும், ஒட்டியது பரவும் என்னும் எண்ணம் அச்சொல்லின் உள்ளேயே இருக்கிறது. விலக்கான மகளிர் கலங்களைத் தொடாது முருகன் கோட்டத்தில் ஒதுங்கி நின்றதைப் புறநானூற்றின் 299ஆம் பாட்டு ஓர் உவமையாக ஆள்கிறது. அவ்வழக்கம் அன்றே நன்கறியப்பட்டிருந்தாலன்றி அது உவமையாக வந்திராது. மதுரை மாவட்டத்துக் கூவலாபுரம் போன்ற சிற்றூர்களில் ‘முட்டுத்துறை’ என்னும் தனியிடத்தில் பெண்கள் அந்நாள்களைக் கழித்த வழக்கம் நம் காலம் வரைக்கும் தொடர்ந்தது. நம் தோட்டப்புற லயங்களிலும் ‘வீட்டுக்குத் தூரம்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவ்வவையில் இருப்பீர்கள். ஒரே லயத்துப் பெண்கள் இருவர் ஒருசேர ஒதுங்கினால், ‘அவள் தூரம் இவளுக்கு ஒட்டிக்கொண்டது’ என்பார்கள். வேதித்தூது என்னும் பேச்சு எழுவதற்கு முன்பே, ஒருத்தியின் நிலை மற்றவளைப் பற்றும் என்னும் நம்பிக்கை சொல்லில் குடியிருந்தது என்பதற்காகவே இதனை எடுத்துக்காட்டுகிறோம்.

அறிவியலின் பக்கத்துக்கு வருவோம். உடலுக்குள்ளேயே குருதிவழி ஓடி உறுப்புகளை இயக்கும் பொருள்களுக்கு ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் 1905இல் ‘ஹார்மோன்’ எனப் பெயரிட்டார். தமிழில் இயக்குநீர் என்கிறோம். 1959இல் கார்ல்சன், லூஷர் என்னும் இருவர், ஓர் உயிரினின்று வெளிப்பட்டு அவ்வினத்து மற்றோர் உயிரை இயக்கும் பொருளுக்கு ‘ஃபெரோமோன்’ என்ற பெயரைப் படைத்தனர். சுமத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லோடு ஹார்மோனின் வாலை ஒட்டிய சொல் அது. நல்ல படைப்பு, தமிழில் இதற்கு ‘மணத்தூது’ என்று சொல்லலாம் என்பது நம் விருப்பம், கட்டாயமில்லை. அதே ஆண்டில் பூட்டெனாண்ட் என்னும் செருமானிய வேதியியலார், ஏறத்தாழ 5 இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஆண் பூச்சியை ஈர்ப்பது இதுவே என்று காட்டினார். மணத்தூது உண்டு என்று சொல்வதற்கு அவர் செலுத்திய விலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளைப் பிரித்தார், அதன் அமைப்பைக் கண்டார், அதனைக் கொண்டு பூச்சியை ஆட்டிவைத்தார்.

1971இல் மார்த்தா மெக்ளின்டாக் என்னும் இளம் ஆய்வாளர் ‘நேச்சர்’ இதழில் இரண்டே பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அமெரிக்காவின் வெல்லெசுலி மகளிர் கல்லூரி விடுதியில் 135 மாணவியரிடம் நாள்களைக் கேட்டறிந்து, அறைத்தோழியர், நெருங்கிய தோழியர் ஆகியோரின் மாதவிடாய்த் தொடக்க நாள்கள் கல்வியாண்டின் போக்கில் ஒன்றையொன்று நெருங்கின என்றார். பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டதை ஆராய்ச்சிப் பொருளாக்கும் துணிவு அக்காலத்து ஆடவர் அறிவியலில் எவர்க்கும் வாய்த்திருக்கவில்லை. பின்வந்த மறுப்புகளை எடுத்துரைக்கும்போதும் அந்தச் சிறப்பை நாம் குறைத்துப் பேசமாட்டோம்.

எனினும் கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. மாணவர்களே, தாளில் போட்டுப் பாருங்கள். இருவர்க்கும் 28 நாள் சுழற்சி என்று கொள்வோம். இருவர் தொடக்க நாள்களுக்கும் இடையே இருக்கக்கூடிய மிகப்பெரிய இடைவெளி 14 நாள். எவ்விதத் தொடர்புமின்றித் தற்செயலாகவே அமைந்தாலும் சராசரி இடைவெளி 7 நாள்தான். ஒவ்வொருவர்க்கும் 5 நாள் உதிரப்போக்கு எனின், மூன்றில் ஒரு பங்கு அளவிற்கு அவை ஒரு நாளேனும் மேற்படும். இனி ஒருத்திக்கு 28, மற்றவளுக்கு 30 நாள் என்க. ஒவ்வொரு சுழற்சியிலும் இடைவெளி 2 நாள் மாறும். நெருங்கி, ஒன்றுகூடி, மீண்டும் விலகி, 420 நாளுக்கு ஒருமுறை ஒரே நாளில் சந்திக்கும். தூதும் இல்லை, மணமும் இல்லை.

இதற்கு நம் நாட்டில் கண்கண்ட சான்று உண்டு. 2004, 2005, 2006 ஆகிய மூன்றாண்டுகளும் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வந்தன. ‘தீபராயா’ என்று ஒரு புதுச்சொல்லே பிறந்து, கடைவீதிப் பதாகைகளில் ஏறியது. 2007இல் நோன்புப் பெருநாள் அக்டோபர் நடுவிற்கும் தீபாவளி நவம்பருக்கும் போய்விட்டன. இசுலாமிய ஆண்டு ஏறத்தாழ 354 நாள். தீபாவளியோ ஐப்பசியை விட்டு அதிகம் விலகாது. ஆதலால் ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒருமுறை இரண்டும் நெருங்கும், சில ஆண்டு உடன்செல்லும், பின் பிரியும். ஒரு பெருநாள் மற்றொன்றை இழுத்தது என்று எவரும் சொல்லவில்லை. பிரிந்திருந்த ஆண்டுகளுக்குப் பெயர் வைக்கவும் எவர்க்கும் தோன்றவில்லை. ஒன்றுகூடுவதற்குச் சொல் உண்டு. கூடாமைக்குச் சொல் இல்லை. நினைவும் அவ்வாறே இயங்குகிறது. தோழியர் இருவர் ‘எனக்கும் இன்றுதான்’ என்று சொல்லிச் சிரித்த நாள் நெஞ்சில் நிற்கும். ஒத்துவராத பதினோரு திங்களை யார் எண்ணிவைத்திருப்பார்கள்?

எண்ணிவைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் டோகோன் மக்களிடையே, நம் முட்டுத்துறையை ஒத்த விலக்குக் குடில்கள் உண்டு. பெவர்லி ஸ்ட்ராஸ்மன் என்னும் மானிடவியலார், அக்குடில்களுக்கு எவரெவர் எந்நாள் வந்தனர் என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடையறாது குறித்துவந்தார். நினைவை நம்பவில்லை, வருகையைக் குறித்தார். 1997இல் வெளிவந்த அவர் முடிவு: நாள்கள் ஒன்றுகூடவில்லை, மதியோடும் ஒத்துப்போகவில்லை. அவர் ஆய்வு தந்த மற்றொரு செய்தி நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. கருத்தடையின்றி, பேறும் பாலூட்டலுமாகக் கழியும் அப்பெண்டிர் வாழ்வில் மாதவிடாய் மொத்தமே ஏறத்தாழ 100 முறைதான். நம் பாட்டியர் வாழ்வும் அதனின்று வெகுதொலைவில் இருந்திராது. திங்கள்தோறும் தவறாது வருவது என்னும் நம் எண்ணமே அண்மைக்காலத்து அனுபவம்.

2006இல் யாங், ஷாங்க் ஆகிய இருவர் சீனக் கல்லூரி விடுதிகளில் 186 பெண்களின் நாள்களை ஓராண்டுக்கு மேல் பதிந்து ஆராய்ந்தனர். அங்கும் ஒத்திசைவு இல்லை. மெக்ளின்டாக் கண்ட நெருக்கமும் தற்செயலின் எல்லைக்குள் அடங்குவதே என்றும் அவர்கள் காட்டினர். இடையே 1998இல் மெக்ளின்டாக், ஸ்டெர்ன் என்பவரோடு சேர்ந்து, சில பெண்களின் அக்குள் வியர்வையைப் பஞ்சில் எடுத்து மற்றப் பெண்களின் மேலுதட்டில் தடவிச் சுழற்சி நீள்வதையும் குறுகுவதையும் கண்டதாக எழுதினார். அதன் புள்ளியியலும் கடுமையாக வினவப்பட்டது. அவ்வியர்வையில் வேலைசெய்தது எப்பொருள் என்று இன்றுவரை எவரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. பட்டுப்பூச்சிக்கு நடந்தது மனிதர்க்கு நடக்கவில்லை. பல விலங்குகளில் மணத்தூதை ஏற்கும் மூக்கடி உறுப்பு ஒன்றுண்டு. மனிதரில் அது எச்சமாகவே நிற்கிறது, அதற்கு வேண்டிய மரபணுவும் செயலிழந்து கிடக்கிறது.

மெய்யான ஒத்திசைவு எப்படியிருக்கும் என்று அறிய வேண்டுமா? இவ்வூரிலேயே கிரியான் ஆற்றங்கரையில் இரவில் மின்மினிகளைக் காணப் படகேறுகிறார்கள். தென்கிழக்காசியாவின் மின்மினி வகைகள் சிலவற்றில், மரம் முழுதும் அமர்ந்த ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும். இதனையும் ஒருகாலத்தில் கண்மயக்கு என்றவர்கள் உண்டு. 1960களில் ஜான் பக் என்னும் அறிஞர் தாய்லாந்தில் ஆராய்ந்து, ஒவ்வொரு பூச்சியும் அண்டைப் பூச்சியின் ஒளியைக் கண்டு தன் தாளத்தைத் திருத்திக்கொள்வதை விளக்கினார். குறி இன்னது, அதனை ஏற்கும் உறுப்பு இன்னது, அதனால் நிகழும் மாற்றம் இன்னது என்று மூன்றையும் அங்குச் சுட்டமுடிகிறது. மாதவிடாய்க் கதையில் இம்மூன்றனுள் ஒன்றையும் உறுதியாகச் சுட்டமுடியவில்லை.

‘ஒன்றுகூடும் என்று நம்பினால் என்ன கேடு? தோழமை வளரட்டுமே’ என்று கேட்ட ஆசிரியர்கள் உண்டு. அம்மாணவியின் கதை அதற்காகத்தான். பூப்பெய்திய முதற் சில ஆண்டுகளில் 45 நாள் வரை இடைவெளி நீள்வது இயல்பு. 90 நாள் கடந்தும் வாராதிருந்தால் மருத்துவரைக் காணவேண்டும். நான்கு மாதத்திற்குப் பின் அவள் காலையில் எழவும் இயலாமல் சோர்ந்தபோதுதான் நாம் அவளை அழைத்துக்கொண்டு போனோம். கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் மருத்துவர்க்கு ஐயம் வந்துவிட்டது. தைராய்டுச் சுரப்பு மிகக் குறைந்திருந்தது. ‘ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?’ என்று அவர் கேட்டபோது, அவள் நம்மைப் பார்த்தாள். நாம் தரையைப் பார்த்தோம்.

மருந்து தொடங்கிய சில திங்களில் அவள் உடல் தேறியது. அடுத்த தவணையில் மூன்று பேரும் அறைச்சுவரில் ஒரு நாள்காட்டியை மாட்டி, மூன்று நிற மையால் தத்தம் நாளைக் குறித்துவந்தனர். ஆண்டிறுதியில் அறையைக் காலிசெய்தபோது அதை நம்மிடம் விட்டுச் சென்றார்கள். சிவப்பும் நீலமும் தொடக்கத்தில் ஒரே கட்டத்தில் இருந்தன. ஆடிக்குள் ஒரு வாரம் பிரிந்துவிட்டன. அவளது பச்சை மை, அவ்விரண்டிற்கும் எட்டாமல் தன் போக்கில் 31 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது.