களத்திலே வெற்றி, அவையிலே உயர்வு
(வானொலி இலக்கியத் தொடரில் வவுனியாவிலிருந்து நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மற்போரைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். இலக்கியத் தொடரில் மற்போருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நமது சங்கத் தொகைநூல்களில் ஒன்றாகிய புறநானூற்றிலே, 80 ஆம் பாட்டிலிருந்து 85 ஆம் பாட்டு வரை ஆறு பாட்டுக்கள் ஒரே மனிதனைப் பற்றியவை. அவன் பெயர் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அவன் ஒரு மல்லன். முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்தியவன். முதல் மூன்று பாட்டுக்களைப் பாடியவர் சாத்தந்தையார். அடுத்த மூன்றையும் பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். ஒரு குத்துச்சண்டைக்காரனையோ ஓட்டக்காரனையோ இப்படி ஆறு பாட்டில் பாடியதாக நம் பழைய இலக்கியத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

கிள்ளி அரசன் மகன். ஆனால் தந்தை தித்தனோடு பகை. நாட்டைப் பிரிந்து வறுமையில் வாழ்ந்தவன். நக்கண்ணையார் அவன் உணவைப் பற்றியே ஒரு பாட்டில் குறிப்பிடுகிறார். கூழைத்தான் குடிக்கிறான், ஆனாலும் தோள் பருத்திருக்கிறது என்பது அவர் வியப்பு. சாத்தந்தையாரோ போர் முடியும் கட்டத்தைக் காட்டுகிறார். ஒரு முழந்தாள் எதிரியின் மார்பில் ஊன்றியிருக்கிறது. மற்றக் கால் எதிரியின் தந்திரங்களைத் தடுத்து நிற்கிறது. இதைக் காட்டிவிட்டுப் புலவர் ஒரு விருப்பத்தைச் சொல்கிறார். மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, தித்தன் இதைக் காணவேண்டும் என்கிறார்.

நேயர்களே, இந்த இடத்திலேதான் என் பேச்சின் கரு இருக்கிறது. கிள்ளி களத்தில் வென்றுவிட்டான். ஆனால் அவனை உயர்த்தவேண்டியவன் களத்தில் இல்லை. வெற்றி ஓரிடத்தில் கிடைக்கிறது. உயர்வு வேறோரிடத்தில் தீர்மானிக்கப்படுகிறது. அவன் பெயரிலுள்ள 'போரவை' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். போரும் இருக்கிறது, அவையும் இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை இன்றைய உலகில் மிகத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு எது என்று கேட்டால், யப்பானியரின் சுமோ மற்போர் என்பேன். தொலைக்காட்சியில் பருத்த உடலோடு இருவர் மோதுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அலைவரிசையை மாற்றிவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் அதன் பதவி ஒழுங்கை அறிந்தவருக்கு அது ஒரு பெரிய நாடகம்.

ஆண்டில் ஆறு சுற்றுப்போட்டிகள். தோக்கியோவில் மூன்று, ஒசாக்கா, நகோயா, புக்குவோக்கா ஆகிய இடங்களில் ஒவ்வொன்று. 1958 முதல் ஆறு என்ற கணக்கு நிலைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் பதினைந்து நாள். மேற்பிரிவினர் நாளுக்கு ஒரு முறை மோதுவர். வட்டக் களத்தின் குறுக்களவு நாலரை மீற்றரைச் சற்றே தாண்டும். உள்ளங்கால் தவிர உடலின் வேறெந்தப் பாகம் மண்ணில் பட்டாலும், வட்டத்துக்கு வெளியே போனாலும் தோல்வி. நிறைவாரியான வகுப்புகள் கிடையாது. பெரும்பாலான மோதல்கள் சில விநாடிகளில் முடிந்துவிடும். சாத்தந்தையார் தமது இன்னொரு பாட்டில் கிள்ளியின் வேகத்துக்குக் கூறும் உவமை இதற்கு அப்படியே பொருந்தும். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வானத்தில் மழை, பொழுதும் சாய்கிறது. அந்த அவதியில் கட்டில் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாக ஓடுமோ, அவ்வளவு விரைவு என்கிறார் அவர்.

பதினைந்து நாள் என்ற எண்ணை மனதில் வையுங்கள். அது ஒற்றை எண். எட்டு வென்றால் ஏற்றம். ஏழு வென்றால் இறக்கம். சரிசமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் முன்னர் 'பன்சுக்கே' என்ற பதவிப் பட்டியல் தூரிகையால் எழுதப்படும். மேலே இருப்பவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே போகப்போக எழுத்துச் சிறுத்து, கடைசி வரிகளை வாசிக்கக் கண்ணாடி வேண்டும். ஆறு பிரிவுகளில் மேலிரண்டு பிரிவினருக்கு மட்டுமே சம்பளம். அவர்கள் எழுபது பேர். ஏனையோர் சிறு படியோடு, மூத்தவர்களுக்குச் சமைத்தும் துவைத்தும் காலந்தள்ளுகிறவர்கள். எழுபதாவது ஆளுக்கும் எழுபத்தோராவது ஆளுக்கும் இடையே பலத்தில் அதிக வேறுபாடு இராது. வாழ்க்கையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இந்த ஒற்றைக் கோட்டின் கொடுமை வன்னி நேயர்களுக்குப் புதிதல்ல. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, மாவட்ட வெட்டுப்புள்ளி வெளியாகும் காலத்தில் நம் வீடுகளில் நிலவும் மௌனத்தை நினைத்துப் பாருங்கள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகியவை பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்படுபவை. அதற்கென்று ஒரு சிறு பங்கும் உண்டு. ஆனாலும் கோடு கோடுதான். இசெட் புள்ளியில் தசமத்துக்குப் பின் நாலாம் இடத்தில் ஓர் இலக்கம் குறைந்தால், ஒரு பிள்ளை வைத்தியராவதும் ஆகாததும் அங்கே முடிந்துவிடுகிறது.

இனி, சுமோவில் பதினான்கு நாள் முடிந்து ஒருவர் ஏழு வென்று ஏழு தோற்று நிற்கிறார் என்று கொள்வோம். எதிரில் நிற்பவர் எட்டு வென்றுவிட்டார். அவருக்கு இனிக் கவலையில்லை. யார் வெல்வார்? மார்க் டகன், ஸ்டீவன் லெவிற் என்ற இரு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை கண்டார்கள். இருவரின் பழைய பெறுபேறுகளைக் கொண்டு பார்த்தால் ஏறக்குறையச் சரிபாதி வாய்ப்பு. நடந்ததோ வேறு. ஏழுக்கு ஏழு நின்றவர் நூற்றுக்கு எண்பது அளவில் வென்றிருந்தார். அதே இருவர் அடுத்த முறை சந்தித்தபோது அந்த அனுகூலம் மறைந்ததோடு, முன்பு வென்றவர் வழமையைவிடக் குறைவாகவே வென்றார். கடன் வாங்கித் திருப்பிக் கொடுப்பது போன்ற ஒழுங்கு! பின்னர் 2011 இல் மல்லர்களின் கைத்தொலைபேசிகளில் பொலிசார் கண்டெடுத்த செய்திகள், போட்டி விற்பனையை அம்பலப்படுத்தின. அவ்வாண்டு மார்ச் மாத ஒசாக்கா சுற்றுப்போட்டி நிறுத்தப்பட்டது. இருபதுக்கு மேற்பட்டோர் களத்தை விட்டே வெளியேற நேர்ந்தது.

இதைக் கேட்டதும், எண்ணை நம்பினால் இப்படித்தான், பெரியவர்கள் கூடி ஆளின் தரத்தைப் பார்த்து உயர்த்துவதே சரி என்று சிலர் சொல்லக்கூடும். சுமோவின் உச்சியில் அதுவும் நடக்கிறது. அதையும் பார்ப்போம்.

உச்சப் பதவி யொக்கோசுனா. அதற்கு அடுத்தது ஒசெக்கி. ஒசெக்கியாக உயர, மூன்று சுற்றுப்போட்டிகளில் மொத்தம் முப்பத்துமூன்று வெற்றி என்பது பொதுவான அளவுகோல். யொக்கோசுனாவாக உயர, ஒசெக்கியாக இருந்து தொடர்ந்து இரண்டு முறை வாகை சூடவேண்டும், அல்லது அதற்கு ஈடான பெறுபேறு வேண்டும். இந்த 'ஈடான' என்ற சொல்லில்தான் அவை நுழைகிறது. 1950 இல் ஏற்படுத்தப்பட்ட ஓர் ஆலோசனைக் குழு இதை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. வெற்றியோடு 'ஹின்கக்கு' என்பதையும் அது நோக்கும். பெருந்தகைமை அல்லது கண்ணியம் என்று தமிழில் சொல்லலாம். யொக்கோசுனாவுக்குப் பதவியிறக்கம் கிடையாது. தகுதி குன்றினால் தாமாகவே ஓய்வு பெறவேண்டும். நம் பழம்புலவர் போற்றிய மானம் என்னும் பண்புக்கு இது நெருங்கியது.

இந்த அவையின் தீர்ப்பு எப்போதும் நேராக இருந்ததா? 1986 இல் புத்தஹகுரோ என்பவர் ஒரு முறைகூட வாகை சூடாமலே உயர்த்தப்பட்டார். மறு ஆண்டின் இறுதியில் தம் ஆசானோடு பிணங்கிக் களத்தை விட்டே போய்விட்டார். சுட்டுக்கொண்ட அவை அதன்பின் கடுமையானது. அந்தக் கடுமையின் நடுவே வந்து நின்றவர் ஹவாய்த் தீவைச் சேர்ந்த கொனிஷிகி. 1991 நவம்பர் முதல் 1992 மார்ச் வரை மூன்று சுற்றுப்போட்டிகளில் இரண்டில் வாகை சூடினார். மொத்தம் முப்பத்தெட்டு வெற்றி. உயர்வு கிடைக்கவில்லை. அந்நியர் என்பதாலா, இரண்டு வெற்றிகளும் அடுத்தடுத்து வராததாலா என்று பெரும் விவாதம் எழுந்தது. மறு ஆண்டு ஜனவரியில் அதே ஹவாயைச் சேர்ந்த அக்கெபோனோ தொடர்ந்து இரண்டு முறை வென்று, யொக்கோசுனாவான முதல் வெளிநாட்டவர் ஆனார். எவரும் மறுக்கமுடியாத எண்ணை அவர் கொண்டுவந்து வைத்தார். அவை வாய் திறக்க இடமிருக்கவில்லை.

ஆகவே என் கருத்து இது. எண் குறையுடையதுதான், அதை விற்கவும் வாங்கவும் முடியும் என்று கண்டோம். ஆயினும் அவையில் உறவோ செல்வாக்கோ இல்லாதவனுக்கு, அகதிக்கு, அந்நியனுக்கு எண் ஒரு வேலி. 'இவ்வளவு வென்றால் இந்த இடம்' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் அவன் துணிந்து களத்தில் இறங்கலாம்.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு உக்ரேன் நாட்டின் வின்னிற்சியாவைச் சேர்ந்த ஓர் இளைஞர். 2022 இல் ரஷ்யப் படையெடுப்பின்போது அவருக்கு வயது பதினெட்டை ஒட்டியது. 2019 இல் யப்பானில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் பழகிய ஒரு நண்பரின் குடும்பத்தை நம்பி அங்கே போய்ச் சேர்ந்தார். ஆவோனிஷிகி என்ற களப்பெயரோடு 2023 செப்டெம்பரில் கடைசிப் பிரிவில் தொடங்கினார். 2025 மார்ச்சில் மேற்பிரிவுக்கு வந்து, தொடர்ந்து நான்கு சுற்றுப்போட்டிகளில் பதினொரு வெற்றி பெற்றார். நவம்பரில் புக்குவோக்காவில் பதினான்காம் நாள் முடிவில் மூவர் சமநிலையில் நின்றனர்: இரு யொக்கோசுனாக்களாகிய ஒனோசாட்டோவும் ஹோஷோர்யூவும், மூன்றாவதாக இவர். கடைசி நாளில் காயத்தால் ஒனோசாட்டோ விலகினார். இவர் தம் மோதலை வென்று, பின்னர் வாகைக்கான மேலதிக மோதலில் ஹோஷோர்யூவையும் வென்றார். பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு, கூட்டினால் முப்பத்துநான்கு. கோடு முப்பத்துமூன்று. சில நாட்களில் ஒசெக்கி பதவி அவர் கைக்கு வந்தது. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் தறப்பாளின் கீழிருந்து பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளை அறிந்த நமக்கு, இந்தக் கூட்டல் கணக்கின் அருமை விளங்கும்.

விழுந்தவனுக்கும் எண் வழி விடுகிறது. மொங்கோலியாவில் பிறந்த தெருனோபுஜி 2015 இல் ஒசெக்கியானவர். முழங்கால் காயமும் நீரிழிவும் அவரைச் சாய்த்தன. 2019 இல் கீழிருந்து இரண்டாம் பிரிவு வரை இறங்கிவிட்டார். விலகப்போவதாகப் பலமுறை கேட்டும் ஆசான் விடவில்லை. 2020 யூலையில் மேற்பிரிவின் கடைக்கோடியில் நின்று வாகை சூடினார். 2021 இல் மீண்டும் ஒசெக்கி. அவ்வாண்டு யூலைக்குப் பின் எழுபத்துமூன்றாவது யொக்கோசுனா. முன்னாள் ஒசெக்கி ஒருவர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கி மீண்டதாக அதற்கு முன் வரலாறு இல்லை. பட்டியலில் அவர் பெயர் பொடியெழுத்தாகச் சிறுத்துப் பின் பேரெழுத்தாக வளர்ந்ததை ஒரு காவியமாகவே எழுதலாம்.

நிறைவாக, நம் கிள்ளியிடம் வருவோம். அவனுக்கு எழுதிவைத்த எண் எதுவும் இருக்கவில்லை. இத்தனை மல்லரை வீழ்த்தினால் தந்தை ஏற்றுக்கொள்வான் என்ற விதியும் இருக்கவில்லை. அப்படியானால் அவன் வெற்றியை நிலைநிறுத்தியது எது? நக்கண்ணையாரின் கடைசிப் பாட்டைப் படியுங்கள். ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. வெற்றி இவனுக்கே என்கின்றனர் சிலர். இல்லை என்கின்றனர் சிலர். இருவர் பேச்சையும் கேட்ட அவர் காற்சிலம்பு ஒலிக்க ஓடிச்சென்று, பனையின் அடிமரத்தைச் சார்ந்து நின்று தம் கண்ணாலேயே பார்க்கிறார். வென்றவன் அவன்தான் என்று கண்டுகொள்கிறார். ஊரின் கூச்சலை நம்பவில்லை. அரண்மனையின் தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை.

களத்துக்கும் அவைக்கும் இடையில் மூன்றாவதாக ஒருவர் தேவை. எண்ணை விற்கும்போதும், அவை கண்ணை மூடிக்கொள்ளும்போதும், நடந்ததை நடந்தபடி பார்த்துச் சொல்கிறவர் அவர். தித்தன் கண்டானோ இல்லையோ, நாம் இன்று கிள்ளியின் வெற்றியை அறிவோம். எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பணி ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வன்னியில் பனைகளுக்குக் குறைவில்லை; அவற்றைச் சார்ந்து நின்று பார்க்கும் கண்களும் குறையாதிருக்கட்டும்.