மணிலாவும் பூசணமும்

(திருவண்ணாமலையில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



தமிழ்ப் பண்டிதனுக்குப் பூசணத்தில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். மணிலாக்கொட்டை மிகுதியாய் விளையும் ஜில்லா நம்முடையது. நம்மவரிற் பலர் அதனைப் பயிரிட்டோ வாங்கி விற்றோ ஜீவிப்பவர். ஆதலின் பேசத் துணிந்தேன்.

ஒரு பண்டம் கெடுவது அதிலுள்ள நீரின் அளவை மாத்திரம் பொறுத்ததன்று. அந்நீர் கட்டுண்டு கிடக்கிறதா, கிருமிகள் எடுத்துக்கொள்ளும்படி விடுதலையாய் நிற்கிறதா என்பதே கேள்வி. தேனில் 100க்கு 17, 18 பங்கு நீர் உண்டு. சர்க்கரை அதனை இறுகப் பற்றியிருப்பதால் பூசணம் அணுகுவதில்லை. மணிலாப் பயறோ 10 பங்கு ஈரத்திலேயே பூசணம் பூக்கும். அதில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். எண்ணெய் நீரைப் பற்றாது.

இவ்விடுதலை நீரை எண்ணாற் குறிப்பதற்கு ‘நீர்ச் செயற்பாடு’ என்று பெயர். ஆஸ்திரேலிய அறிஞர் ஸ்காட் 1953, 1957ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளால் இது நிலைபெற்றது. தூய நீருக்கு 1. ஏறக்குறைய 0.91க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகா, 0.80க்குக் கீழே பெரும்பாலான பூசணங்கள் வளரா, 0.60க்குக் கீழே எக்கிருமியும் தழைக்காது. இனிக் கரையாதென்னுமளவு உப்பிட்ட நீருக்கு 0.75. நம் தாய்மார் ஊறுகாயில் உப்பை அள்ளியிடுவதும், வடகத்தை நொறுங்கக் காயவிடுவதும் இவ்வெண்களை அறியாமலே செய்த காரியங்கள்.

அவ்வெச்சரிக்கை மணிலா மூட்டையில் இல்லை. ஐப்பசி மழையிற் பிடுங்கிய கொடியைக் குவித்துவைத்து, அரைகுறையாய்க் காய்ந்த காயைக் கோணியிற் கட்டிவிடுகிறோம். அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பச்சைப் பூசணத்துக்கு அதுவே சமயம். அது உண்டாக்கும் அப்ளாடாக்ஸின் கல்லீரலைக் கெடுக்கும் விஷம். வறுத்தாலும் முற்றும் அழியாது. 1960இல் இங்கிலாந்தில் மணிலாப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சம் வரையில் மாண்ட பிறகே இது வெளிப்பட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில், மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை ஜனங்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. முதல்தரப் பயறு விலைக்குப் போகிறது. சுருங்கியதும் கறுத்ததும் வீட்டுச் சட்னிக்கு நிற்கின்றன. குழந்தைகளுக்கும் அதையே கொடுக்கிறோம். என் வீட்டிலும் சென்ற ஆண்டுவரை இவ்வழக்கம் இருந்தது; வெட்கத்தோடு சொல்லுகிறேன்.

ஈரம் பயறில் 100க்கு 7 பங்குக்கும், காயில் 9 பங்குக்கும் மேற்படாமற் காய்ந்த பின்பே மூட்டை கட்டவேண்டும். காயை ஆட்டினால் உள்ளே பயறு கலகலக்க வேண்டும். மூட்டையை வெறுந்தரையில் வையாது பலகைமேல் அடுக்குக. பூத்ததென்று கழித்த பயறை மாட்டுக்கும் போடலாகாது. அவ்விஷத்தின் ஒரு வடிவம் பாலில் இறங்கி நம் வீட்டுக்கே திரும்பி வரும்.