சொறிமீன் விஷமும் சோதனையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிறியதாகத் தோன்றலாம். கடலில் குளிப்பவனையோ, மூழ்குபவனையோ, அலைமேல் பலகைவிட்டு விளையாடுபவனையோ சொறிமீன் தீண்டிவிட்டால் என்ன செய்வது என்பதேயாகும். ஆனால் ஒரு குழந்தை பிழைப்பதும் சில நிமிஷத்தில் சாவதும் இதில் அடங்கியிருப்பதால் சற்றுப் பொறுமையாய்க் கேட்க வேண்டுகிறேன்.

சொறிமீன் மீனல்ல. அதற்கு எலும்பில்லை, மூளையில்லை; நம்மீது கோபமுமில்லை. அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத விஷப்பைகள் ஏராளமாயிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுண்ணிய ஊசியொன்று சுருண்டு கிடக்கின்றது. தோல் பட்டதும் அது பாய்கின்றது. ஆனால் எல்லாப் பைகளும் ஒரேயடியாய் வெடித்துவிடுவதில்லை. ஆகவே, உடம்பில் ஒட்டியிருக்கும் மிச்சப் பைகளை வெடிக்காமல் செய்வதெப்படி என்பதே முதற் கேள்வி.

ஜனங்கள் செய்வதென்ன? ஒருவன் மணலைப் போட்டுத் தேய் என்கிறான். ஒருவன் நல்ல தண்ணீர் ஊற்று என்கிறான். இன்னொருவன் சிறுநீர் விடு என்கிறான். ஏனென்று கேட்டால், "எல்லோரும் சொல்லுகிறார்கள்" என்பதைத் தவிர வேறு பதிலில்லை. தேய்ப்பதும் நல்ல தண்ணீரும் மிச்சப் பைகளையும் வெடிக்கச் செய்யக் கூடியவை. சிறுநீரால் பயனுண்டென்பதற்கு ருஜுவில்லை.

பாமரர் மாத்திரமா தவறினார்கள்? ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து கடலில் பெட்டிச் சொறி என்று ஒன்றுண்டு. அதன் இழை 3 மீட்டர் வரை நீளும். அதற்கு மெதிலேட்டட் ஸ்பிரிட்டை ஊற்றும்படி படித்தவர்களே சொல்லி வந்தார்கள். 1980இல் இழைகளை எடுத்துச் சோதித்துப் பார்த்ததில், ஸ்பிரிட் பைகளை வெடிக்கச் செய்கிறதென்றும், சமையலுக்குதவும் வினிகர் என்னும் காடியே அவைகளை அடக்குகிறதென்றும் தெரிந்தது. பழைய யோசனை கைவிடப்பட்டது. தவறென்று கண்டு மாற்றிக்கொள்வதில் அவமானமென்ன? மாற்றிக்கொள்ளாததே அவமானம்.

அதே நாட்டில் கெய்ர்ன்ஸ் பட்டணத்தில், கடலில் இறங்கியவர்களுக்குச் சற்று நேரங்கழித்து முதுகுவலியும் வாந்தியும் கண்டு வந்தது. காரணம் தெரியவில்லை. 1961இல் ஜாக் பார்ன்ஸ் என்னும் டாக்டர், விரல் நகமளவுள்ள ஒரு சொறியைப் பிடித்துத் தம்மேலும், தம் 9 வயது மகன் மேலும், கடற்காவலர் ஒருவர் மேலும் தீண்டச் செய்தார். மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தார்கள். காரணம் ருஜுவாயிற்று. சிறுவனை இதில் உட்படுத்தியதை நான் நியாயமென்று சொல்லமாட்டேன். ஆனால் தம் உடம்பையே சாட்சியாக வைத்த துணிவை மறுக்க முடியுமா?

அப்படியானால் எல்லாச் சொறிக்கும் காடிதானா என்று கேட்பீர்கள். இல்லை. அந்நாட்டின் தெற்கே அலை விளையாட்டுக்காரரைத் தீண்டுவது நீலக்குப்பி என்னும் வேறு வகை. அதற்கு அங்கே காடி விதிக்கப்படுவதில்லை. கடல்நீரால் கழுவி, இழையை எடுத்துவிட்டு, 45 டிகிரி சூட்டுள்ள வெந்நீரில் 20 நிமிஷம் வைத்தால் ஐஸைவிட வலி நன்றாய்த் தணிகிறதென்று 2006இல் வெளியான சோதனை காட்டிற்று. சூட்டை முதலில் மற்றவர் கையால் பார்க்கவேண்டும். இல்லாவிடில் தோல் வெந்துவிடும்.

பெட்டிச் சொறியானால் ஆளைக் கரையேற்றி, உதவிக்கு ஆளழைத்து, 30 வினாடிக்குக் குறையாமல் காடி ஊற்றி, பிறகு இழையை எடுக்க வேண்டும். மூச்சு நின்றால் காடியைத் தேடி நேரம் போக்காமல் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டும்.

ஆகவே தோழர்களே, யார் சொன்னாலும், "சோதித்துப் பார்த்தாயா?" என்று கேளுங்கள் என்று சொல்லி என் வார்த்தைகளை முடித்துக் கொள்ளுகிறேன்.