பட்டதாரியின் திருப்தியும் பாமரனின் நீதியும்

(கோப்பாயில் உழவரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மாலை இறைப்பைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களின் நேரம் எத்துணைப் பெறுமதி வாய்ந்தது என்பதை நாம் அறிவோம். ஆதலின் சுற்றி வளையாது பொருளுக்கு வருகின்றோம். சட்டத்தையும் குற்றவியல் நீதியையும் பட்டப்படிப்பாகப் பயிலும் மாணாக்கர் உண்மையில் எதைக் கற்று வெளியேறுகின்றனர்? தாம் பெற்ற கல்வியில் அவர்கள் நிறைவு காண்கின்றனரா? இவ்விரண்டையும் அளந்தறிவது எவ்வாறு? இவையே நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினாக்கள்.

"இது சர்வகலாசாலைக்காரரின் கவலை; தோட்டம் கொத்துகிறவனுக்கு இதில் என்ன வேலை?" என்று பின்வரிசையில் இருப்பவர் எவரேனும் எண்ணக்கூடும். கிணற்றடியில் இருந்த நீரிறைக்கும் இயந்திரம் ஓர் இரவில் மறைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் பொலிஸ் நிலைய வாங்கிலே போய்க் குந்தியிருப்பவர் அந்த விவசாயிதான். முறைப்பாட்டை எழுதுபவர், அதனைப் புலனாய்வு செய்பவர், வழக்கை நடத்துபவர், தீர்ப்பளிக்கும் நீதவான், பிடிபட்டவன் சிறுவனாயின் அவனைக் கண்காணிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகிய இத்தனை பேரும் எங்கோ ஒரு வகுப்பறையில் இருந்து கற்றவர்கள். அங்கே அவர்கள் கற்கத் தவறியதற்கு விலை கொடுப்பவர் விரிவுரையாளர் அல்லர், வாங்கிலே குந்தியிருப்பவரே.

நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சட்டத்துறை உண்டு. குற்றவியலையும் குற்றவியல் நீதியையும் பட்டப்பாடமாக ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் கற்பித்து வருகிறது. கடல் கடந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் துறைகள் இயங்குகின்றன. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 திறமைப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மணிநேர உழைப்பு எனக் கணக்கிடப்படுகிறது. பெருக்கிப் பாருங்கள்: ஓர் இளைஞனின் வாழ்விலே 6,000 மணிநேரம்! இத்தனை மணிநேரத்தின் பயனை எதைக்கொண்டு அளக்கின்றோம்? பருவ இறுதியில் ஒரு வினாத்தாள், அதனுடன் "விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தாரா? தெளிவாக விளக்கினாரா? பாடநெறி உமக்குத் திருப்தி அளித்ததா?" என்று கேட்கும் ஒரு படிவம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர மீளாய்வுக் குழுவினர் வரும்போது இப்படிவங்கள் கட்டுக்கட்டாகக் கோவையிலே காத்திருக்கும்.

இப்படிவம் அளப்பது எதனை? 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்த்தப்பட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். நாடக நடிகர் ஒருவரைக் கலாநிதி ஃபொக்ஸ் என்ற பொய்ப் பெயருடன் பேரறிஞராக அறிமுகப்படுத்தினர். கணிதத்தின் விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்விக்குப் பயன்படுத்துவது பற்றி அவர் பேசினார். அவருக்கு அப்பொருளில் எதுவும் தெரியாது. பேச்சு முழுவதும் முரண்பாடும் வெற்றுச் சொல்லுமாகவே அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும் குரலிலே கம்பீரம், இடையிடையே நகைச்சுவை. கேட்டிருந்தவர்கள் உளமருத்துவர்களும் உளவியலாளரும் சமூக சேவையாளரும். பேச்சு முடிந்ததும் படிவம் கொடுக்கப்பட்டது. பெரும்பாலோர் திருப்தி என்றே எழுதினர்! (மேடைப் பேச்சாளராகிய நமக்கும் இது உறைக்கவேண்டிய செய்தி என்பதை நாம் மறைக்கவில்லை.)

2019 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் வகுப்பில் நடந்த ஆய்வு இதைவிடக் கூர்மையானது. ஒரு தொகுதியினர் மெருகூட்டிய விரிவுரையைக் கேட்டனர். மற்றத் தொகுதியினர் சிறு குழுக்களாக இருந்து தாமே வினாக்களோடு மல்லுக்கட்டினர். பின்னர் நடந்த பரீட்சையில் மல்லுக்கட்டியவர்களே கூடிய புள்ளி பெற்றனர். ஆனால் தாம் கூடுதலாகக் கற்றோம் என்று எண்ணியவர்களோ விரிவுரை கேட்டவர்கள். மனம் முயன்று திணறும்போதுதான் கல்வி ஏறுகிறது. திணறல் நேரும்போது மாணவன் "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று குறைப்படுகிறான். திருப்தியை மட்டுமே அளந்து, அதன்படி ஆசிரியருக்குப் பதவியுயர்வும் கொடுப்போமாயின், மாணவனைத் திணற வைக்கும் நல்லாசிரியன் தண்டிக்கப்படுவான்.

குற்றவியல் நீதிக் கல்விக்கே வருவோம். அமெரிக்காவின் பேர்க்லி நகரிலே பொலிஸ் தலைவராயிருந்த ஓகஸ்ட் வோல்மர், பொலிஸ்காரன் பல்கலைக்கழகம் செல்லவேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முழங்கியவர். 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மத்திய அரசு பணத்தை வாரி வழங்கவே, நாடெங்கும் இப்பட்டப்படிப்புகள் மழைக்கால நாய்க்குடைபோல முளைத்தன. பத்தாண்டுகளின் பின் 1978 இல் லோறன்ஸ் ஷேர்மன் எழுதிய தேசிய ஆணைக்குழு அறிக்கை வெளிவந்தது. பாடங்கள் குறுகிய தொழிற்பயிற்சியாகச் சுருங்கிவிட்டன, கற்பிப்போரில் பலர் புலமையின்றி அனுபவத்தை மட்டும் கொண்டவர்கள், பொலிஸாருக்குப் பரந்த கல்வியே வேண்டும் என்று அது கண்டித்தது. எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் கற்றலை அளக்க மறந்தனர் என்பதே நாம் அதிற் காணும் பாடம்.

அமெரிக்காவுக்குப் போவானேன்? நமது கோப்பாயிலே ஆசிரிய கலாசாலை இருக்கிறது. ஆசிரியனாக வர விரும்புபவன் உளவியலையும் கல்வித் தத்துவத்தையும் எவ்வளவு நன்றாக எழுதினாலும் போதாது. வகுப்பறையிலே உண்மைப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கற்பிக்கவேண்டும். பின்வாங்கில் மேற்பார்வையாளர் இருந்து பார்ப்பார். தடுமாறினால் அங்கேயே தெரிந்துவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக் கொடுப்பவனை இவ்வளவு சோதிக்கின்றோம். ஒருவனது விடுதலையையே கையில் எடுக்கப்போகிறவனை மூன்று மணிநேர வினாத்தாளோடு விட்டுவிடலாமா?

வினாத்தாளின் குறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக எண்பிக்க முடியாது. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் ஏற்கப்படலாம்; அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பாரமும் குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையிலேயே ஏற்றப்பட்டது. "இவ்விரு பிரிவுகளையும் ஒப்பிடுக" என்று வினா வரும். நினைவாற்றல் மிக்க மாணவன் நிறைந்த புள்ளி பெறுவான். படிவத்திலும் திருப்தி என்றே எழுதுவான்.

இப்போது அவன் முன்னே ஓர் உண்மை வழக்கை வையுங்கள். தமிழ் இளைஞர் ஒருவர். சிங்களம் வாசிக்கத் தெரியாதவர். சிங்களத்தில் தட்டச்சுச் செய்த வாக்குமூலத்தில் அவரது பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரரே. அந்த ஒப்புதலையே ஆதாரமாகக் கொண்டு 1995 இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, நீதியான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என்று கண்டது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அக்கருத்தின்படி செயற்பட மறுத்தது. இக்கோவையை மாணவனிடம் கொடுத்து, "முதல் நாளே நீ அந்த இளைஞனின் சட்டத்தரணியாக இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாய்? நீ மொழிபெயர்ப்பாளனாயின் எந்த இடத்தில் மறுத்திருப்பாய்? நீதிபதியாயின் எதனைத் தேடியிருப்பாய்?" என்று வினவுங்கள். அவன் அங்கே திணறுவான். அந்தத் திணறலுக்குத்தான் புள்ளி போடவேண்டும். முதலாம் ஆண்டில் ஒருமுறையும் இறுதியாண்டில் ஒருமுறையும் இத்தகைய கோவையை அதே மாணவனிடம் கொடுத்து இரு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 6,000 மணிநேரம் என்ன செய்தது என்பது எவருக்கும் விளங்கும்.

இங்கேதான் மொழி வந்து நிற்கிறது. 1961 இன் தொடக்கத்தில் சிங்களத்தை நீதிமன்றங்களின் மொழியாக்கும் சட்டம் வந்ததும், அதற்கடுத்த மாதத்திலே யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் நம்மவர் சத்தியாக்கிரகம் இருந்ததும் வரலாறு. 1947 முதல் 1959 இல் மறையும்வரை இத்தொகுதியின் பிரதிநிதியாயிருந்த கோப்பாய்க் கோமான் வன்னியசிங்கம் அவர்களும் சட்டம் பயின்றவரே. இன்று அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழும் நீதிமன்ற மொழி. ஆயினும் 2020 இறுதியில் இலங்கைச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளியாயிற்று. 2023 மார்ச் மாதம் நாடாளுமன்றம் அதனைத் தோற்கடித்தது.

இதில் எமது நிலை என்ன என்று இளைஞர் கேட்பர். ஆங்கிலத்தை நாம் பகைக்கவில்லை. சட்ட நூல்களும் தீர்ப்பு அறிக்கைகளும் பெரும்பாலும் அம்மொழியிலேயே உள்ளன. அதை அறியாத சட்டத்தரணி பாதிக் கண் உடையவன். ஆனால், கட்சிக்காரராக வந்த முதியவளுக்குப் பிணை என்றால் என்ன, விளக்கமறியல் என்றால் என்ன, குற்றப்பத்திரிகையின் மூன்றாவது குற்றச்சாட்டு என்ன சொல்கிறது என்பதைத் தமிழிலே விளங்க வைக்க முடியாதவன் மறு கண்ணை இழந்தவன். எந்த மொழியில் கற்பித்தாலும், இந்த ஒரு சோதனை தமிழில் வாய்மொழியாக நடைபெறவேண்டும். சோதிப்பவருள் ஒருவராவது சட்டம் படியாத சாதாரண மனிதராக இருக்கட்டும். அவருக்கு விளங்கினால் புள்ளி. விளங்காவிட்டால் திரும்ப எழுந்து நின்று சொல்லட்டும்.

அப்படியாயின் மாணவரின் திருப்தி வேண்டாத பொருளா? இல்லை. அவர்களது முறைப்பாடுகளுள் உண்மையானவை பல. தமிழில் எழுதப்பட்ட குற்றவியற் சட்ட நூல்கள் மிகக் குறைவு. நீதிமன்றத்தைக் கண்ணால் காணாமலே ஆண்டுகள் கழிகின்றன. விடைத்தாள் திரும்பி வருவதில்லை; எங்கே பிழைத்தோம் என்பது தெரியாமலே அடுத்த பருவம் தொடங்கிவிடுகிறது. இவற்றையெல்லாம் மாணவனே சொல்ல வல்லவன், அவனிடமே கேட்கவேண்டும். "திருப்தியா?" என்ற மொட்டை வினாவை விடுத்து, "எத்தனை முறை உமது எழுத்து திருத்தித் தரப்பட்டது? எத்தனை வழக்குகளை மன்றில் இருந்து பார்த்தீர்? எந்த நூல் கிடைக்கவில்லை?" என்று எண்ணக்கூடிய வினாக்களைக் கேட்கட்டும். பட்டம் பெற்று ஐந்து ஆண்டு சென்றபின் மீண்டும் ஒருமுறை கேட்கட்டும். வகுப்பில் இருந்தபோது வெறுத்த பாடத்தையே அப்போது அவன் வாழ்த்தக்கூடும்.

வெங்காயம் நடுகிற நீங்கள் நாற்றின் பசுமையைப் பார்த்து விலை பேசுவதில்லை. கிழங்கைக் கிண்டிப் பார்த்தே பேசுகிறீர்கள். அந்தக் கிழங்கைக் கிண்டிப் பார்க்கும் வேலையிலே உங்களுக்கும் பங்கு உண்டு. மத்தியஸ்த சபைக்கு வேலிப் பிணக்கோடு போனவர்கள் இச்சபையிலே இருக்கிறீர்கள். முறைப்பாடு கொடுத்துவிட்டு நாட்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறீர்கள். மகனைத் தேடி நிலையம் நிலையமாக ஏறி இறங்கிய தாய்மாரும் இருக்கிறீர்கள். உங்களிடம் எவர் என்ன சொன்னார், எது விளங்கிற்று, எது விளங்கவில்லை என்பதை எழுதித் தாருங்கள். எழுத முடியாதவர் சொல்லுங்கள்; இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் எழுதிக்கொள்வர். பெயர் வேண்டியதில்லை. அவற்றைத் தொகுத்துச் சட்டம் கற்பிப்போரிடம் நாமே கொண்டுபோய்க் கொடுக்கின்றோம். தாளும் பேனாவும் வாயில் மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன.