பத்துப் பேரில் நாம் யார்?



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! மதுவைக் குறித்து எச்சரித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குடிப்பவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர், அதன் வருவாயை உண்பவர் எனப் பத்துப் பேரைச் சாபத்திற்குரியோராக அறிவித்தார்கள். போதை ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் விசாரிக்கப்படும் என்பதே இதன் படிப்பினை.

உலக நாடுகள் இதனைத் தாமதமாகவே உணர்ந்தன. 1909-ல் ஷாங்காய் நகரில் 13 நாடுகள் கூடி அபினியைப் பற்றி ஆலோசித்தன. 1912-ல் ஹேக் நகரில் முதல் சர்வதேச ஒப்பந்தம் பிறந்தது. 1998-ல் ஐ.நா. பொதுச்சபையின் சிறப்பு அமர்வு, போதை ஒழிப்பு அனைவரின் கூட்டுப் பொறுப்பு எனப் பிரகடனம் செய்தது.

அதன் பொருளை ஆப்கானிஸ்தானில் காணுங்கள். 2022 ஏப்ரலில் அங்கு அபினிச் சாகுபடி தடை செய்யப்பட்டது. ஐ.நா. கணக்கின்படி, அவ்வாண்டில் 2,33,000 ஹெக்டேராக இருந்த சாகுபடி, 2023-ல் 10,800 ஹெக்டேராகச் சுருங்கியது. மகிழ்ச்சிதான்! ஆனால், அபினி விற்று விவசாயிகள் ஈட்டிய வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடியாக வீழ்ந்தது. ஹராமை விட்டவரின் பிள்ளைகளுக்கு ஹலாலான உணவுக்கு வழி செய்வது யார் கடமை? அதே 2023-ல் மியான்மர் அபினி உற்பத்தியில் முதலிடத்திற்கு வந்தது. ஓரிடத்தில் வாசலை அடைத்தால் வேறிடத்தில் திறந்துகொள்கிறது.

அபினியை ஹெராயினாக்க ‘அசிட்டிக் அன்ஹைட்ரைடு’ என்னும் தொழிற்சாலை இரசாயனம் தேவை. ஆகவேதான் 1988-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை அதனையும் கண்காணிப்பில் வைத்தது. விளைவிக்கும் நாடு, இரசாயனம் தரும் நாடு, வாங்கிப் பயன்படுத்தும் நாடு ஆகிய மூன்றும் கைகோர்க்காவிடில் ஏழை விவசாயி மட்டுமே தண்டிக்கப்படுவான்.

அன்பர்களே! நம் மஹல்லாவும் இப்படித்தான். போதை விற்பவனை நாம் விரட்டினால், அவன் பக்கத்து மஹல்லாவுக்குச் செல்வான். எனவே ஜமாஅத்துகள் ஒன்றுகூடிப் பேச வேண்டும். விற்பனையைக் கைவிட்டவனுக்குப் பிழைக்க ஒரு தொழிலைக் காட்ட வேண்டும். போதைக்கு அடிமையான பிள்ளையை மறைத்து வைக்கவும் வேண்டாம், வீட்டை விட்டுத் துரத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

“நான் குடிக்கவில்லையே” என்பது முழுமையான பதிலன்று. அச்சங்கிலியை அறுக்க நாம் என்ன செய்தோம் என்பதற்கும் பதில் வேண்டும். அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.