கதிர்காம நடைக்குக் கால்களைத் தயார் செய்வோம்

(வானொலியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஊருக்குப் போக விமானச் சீட்டுப் பார்க்கும் காலம் இது. உங்களில் சிலர் இம்முறை கதிர்காமத்துக்கு நடந்து போவதாக நேர்த்தி வைத்திருப்பீர்கள். அப்படிப் புறப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காலுக்கு என்ன போடுவது? சப்பாத்தா, செருப்பா, அல்லது பெரியவர்கள் போனது போல வெறுங்காலா? இன்றைக்கு அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பாதையைப் பற்றி இரண்டு வார்த்தை. யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கும் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் வழியாக இறங்கி உகந்தை முருகன் கோயிலுக்கு வருகிறது. அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் புகுந்து கதிர்காமம் சேர்கிறது. முழுத் தூரமும் நடக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிக்கும். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இந்த யாத்திரையை வெகுவாகக் குலைத்தது. போர் முடிந்த பிறகு நடப்பவர் தொகை பெருகி, இன்று வெளிநாடுகளில் இருந்தும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள்.

ஆனால் லண்டனில் வேலை செய்யும் ஒருவருக்கு ஒன்றரை மாத விடுமுறை யார் தருவார்கள்? ஆகவே நம்மவர்கள் பெரும்பாலும் உகந்தையில் சேர்ந்து, காட்டுவழியை மட்டும் நாலைந்து நாளில் நடந்து முடிக்கிறார்கள். இதில் ஒரு விடயத்தை நாம் கவனிப்பதில்லை. சந்நிதியில் இருந்து நடந்து வருகிற ஒரு அம்மாவின் கால் உகந்தைக்கு வரும்போது ஒரு மாதத்துக்கு மேல் நடந்து உரமேறிய கால். நம்முடைய கால் மூன்று நாளுக்கு முன் விமானத்தால் இறங்கிய கால். இரண்டும் ஒரே மணலில், ஒரே வெயிலில், ஒரே முள்ளில் நடக்கப் போகின்றன. அந்த அம்மா வெறுங்காலோடு போகிறார் என்பதற்காக நாமும் போகலாம் என்று நினைப்பது சரியான கணக்கல்ல.

வெறுங்கால் நடை கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நம் மரபு. வெறுங்காலில் வளர்ந்தவரின் உள்ளங்கால் தோல் தடித்து, இயற்கையான ஒரு செருப்பாகி விடுகிறது. 2019இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் ஏட்டில், கென்யா மக்களின் பாதங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளிவந்தது. வெறுங்காலில் நடப்பவர்களுக்குத் தோல் தடித்திருந்தும் நிலத்தை உணரும் சக்தி குறையவில்லை என்று அந்த ஆய்வு கண்டது. அதாவது பழகிய வெறுங்காலுக்குக் காவலும் உண்டு, உணர்வும் உண்டு. முப்பது வருடமாகக் கம்பளத்திலும் மேஸுக்குள்ளும் இருந்த நம் காலுக்குக் காவல் இல்லை. சிலருக்கு உணர்வும் இல்லை. இந்த இரண்டாவதுதான் ஆபத்தானது.

நேயர்களே, தெற்காசிய மக்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு, அதாவது நாம் ‘சீனி வருத்தம்’ என்று சொல்வது, ஐரோப்பியரை விட 2 முதல் 4 மடங்கு அதிகமாக வருகிறது. பல வருடம் சீனி கூடியிருந்தால் பாதத்தின் நரம்புகள் மெதுவாகக் கெடும். சிலருக்கு எரிவு, விறைப்பு என்று அடையாளம் தெரியும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. “எனக்குக் காலில் ஒரு நோவும் இல்லை” என்று சந்தோசமாகச் சொல்வார்கள். நோவு தெரியாமல் போனதே அங்கே வருத்தம்.

எனக்குத் தெரிந்த ஒரு ஐயா திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். நடுப்பகலில் வெறுங்காலோடு வீதி சுற்றினார். சுட்டது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் விரிப்பில் நீர்க்கறை கண்டு மகள் பார்த்தபோதுதான் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகி இருந்தது. இங்கே திரும்பி வந்து பல மாதம் வைத்தியம் பார்த்தும் ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. நீரிழிவுக்காரரின் கால் அகற்றும் சத்திரசிகிச்சைகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு சிறு புண்ணில்தான் தொடங்குகின்றன.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் வகுத்து 2011இல் வெளியிட்ட முறை இது. நீங்கள் மேஸைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருங்கள். வீட்டில் ஒருவர் தன் சுட்டுவிரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனிகளை மெல்லத் தொடவேண்டும். ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் என மொத்தம் 6 இடம். ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும், ஓரிரு விநாடி தொட்டால் போதும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடுவது தெரிந்ததும் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உங்கள் பாத உணர்வு குறைந்திருக்கலாம். பயப்படத் தேவையில்லை, ஆனால் ஜீ.பி.யிடம் சொல்லிப் பாதப் பரிசோதனைக்குப் போகாமல் பயணச் சீட்டுப் போடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நாட்டில் வருடம் ஒரு முறை இலவசமாகப் பாதப் பரிசோதனை உண்டு. அதைத் தவறவிடுபவர்கள் நம்மில் பலர்.

உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மேஸ் மட்டும் போட்டு நடப்பதும், மெல்லிய அடிகொண்ட பாட்டாவோடு நடப்பதும் கூடாது. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. 

“நேர்த்தி வைத்துவிட்டேனே, செருப்புப் போட்டால் குற்றமில்லையா?” என்று அம்மாமார் கேட்பார்கள். பெரியபுராணத்தில் அப்பர் சுவாமிகள் கயிலைக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து போனார். இறைவன் அவரை மேலே போகவிடவில்லை. திருப்பி அனுப்பித் திருவையாற்றிலே காட்சி கொடுத்தார். அடியாரின் கால் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்காத தெய்வத்தைத்தான் நாம் கும்பிடுகிறோம். காட்டுவழி முழுக்கக் காலணியோடு நடந்து, மாணிக்க கங்கையில் குளித்த பிறகு அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுச் சந்நிதானத்துக்குப் போகலாம். உணர்வு குறைந்தவர்கள் அந்தக் கடைசித் தூரத்தையும் வெயில் ஏறுமுன் விடியற்காலையிலோ, நிலம் ஆறிய பிறகு இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். நடந்த உடனே உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.

சரி, இனி எதை வாங்குவது என்று பார்ப்போம்.

ஜூன், ஜூலையில் அந்தக் காடு வரண்டு கிடக்கும். பாதை பெரும்பாலும் மணலும் மண்ணும். இடையிடையே முட்பற்றை, கல், ஆற்றுக் கடவை. மலையேறும் பாரமான தோல் சப்பாத்து இதற்கு வேண்டாம். காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் ஐந்து கிலோ அளவுக்கு உடலைக் களைக்க வைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்ணீர் புகாத சப்பாத்தும் வேண்டாம். கடைக்காரர் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார். ஸ்கொட்லாந்து மழைக்கு அது நல்லது. நம் ஊர் வெக்கையில் வியர்வை உள்ளேயே நிற்கும். ஆற்றில் ஒரு தடவை உள்ளே தண்ணீர் போனால் இலேசில் காயாது. கண்ணறைத் துணியால் செய்த, முள் ஏறாத தடித்த அடிகொண்ட, பாரம் குறைந்த நடைச் சப்பாத்துத்தான் பொருத்தம். தோற்பொருள் அணிந்து யாத்திரை போக மனம் ஒப்பாதவர்களுக்கும் இது வசதி. துணியும் றப்பரும்தான், தோல் கலக்காதது என்று கேட்டு வாங்கலாம்.

பாட்டாவை நம்பி நாலைந்து நாள் நடக்காதீர்கள். அது கழன்று போகாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதை இறுக்கிப் பிடிக்கவேண்டும். மாலைக்குள் பாதமும் கெண்டைக்காலும் நோகும். குதியும் வெளியே கிடக்கும். முள் அடியால் ஏறும். பாம்புக்கடிகளில் பெரும்பகுதி பாதத்திலும் கணுக்கால் பக்கத்திலும்தான் விழுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். விடியுமுன் இருட்டில் நடக்கத் தொடங்கும் போது மூடிய சப்பாத்தும் கையில் ரோச்சும் கட்டாயம்.

அளவு பார்ப்பதில் நாலு விடயம். ஒன்று, பின்னேரத்தில் வாங்குங்கள். பகல் முழுக்க நடமாடிய கால் வீங்கியிருக்கும். வெக்கையில் நடக்கும் போது இன்னும் வீங்கும். இரண்டு, யாத்திரைக்குப் போடப்போகும் அதே மேஸோடு போட்டுப் பாருங்கள். மூன்று, இரண்டு காலையும் அளவுங்கள். அனேகருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது. பெரிய காலுக்கே வாங்குங்கள். நாலு, எழுந்து நின்று, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்குப் பெருவிரலை விட அடுத்த விரல் நீளம். அதையே கணக்கில் எடுங்கள். நீளம் சரியாக இருந்தும் பக்கங்கள் இறுக்கினால், அகலமான அமைப்பில் கேட்டு வாங்குங்கள். “போடப் போட இளகும்” என்ற பேச்சை நம்பி இறுக்கமானதை வாங்கவேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, தையல் முடிச்சு ஒன்றும் துருத்தவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

மேஸ் பருத்தியில் வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். மெல்லிய கம்பளி அல்லது விளையாட்டுக்கான செயற்கை நூல் மேஸ் மூன்று சோடி எடுங்கள். ஒன்று காலில், ஒன்று காய, ஒன்று பையில். இவற்றோடு, குதியில் பட்டி வைத்த சந்தல்ஸ் ஒரு சோடி வேண்டும். கும்புக்கன் ஆற்றைக் கடக்கவும், இரவு தங்குமிடத்தில் நடமாடவும் அதுதான். ஆற்றைக் கடந்ததும் விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்து, மணலைத் தட்டி, பிறகு மேஸைப் போடுங்கள். சிறு துணிப்பை ஒன்றும் வைத்திருங்கள். வழிக்கோயிலில் சப்பாத்தைக் கழற்றினால் அதற்குள் போட்டுத் தோளில் கொழுவிக்கொள்ளலாம். கோயில் வாசலில் விட்ட சப்பாத்து திரும்ப வரும்போது இருக்கும் என்பதற்கு முருகனும் பொறுப்பில்லை!

வாங்கியதைப் பெட்டியோடு ஊருக்குக் கொண்டு போகாதீர்கள். குறைந்தது மூன்று மாதத்துக்கு முன் வாங்கி, இங்குள்ள பூங்காக்களில் நடந்து பழகுங்கள். முதலில் 3, 4 கிலோமீற்றர். பிறகு சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து 10, 15 கிலோமீற்றர். யாத்திரைக்குக் கொண்டு போகும் பையையும் முதுகில் போட்டு நடவுங்கள். ஒரு நாள் நடப்பது யாருக்கும் முடியும். இரண்டாம் நாள் காலையில் கால் என்ன சொல்கிறது என்பதே சோதனை. எந்த இடத்தில் சிவக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த இடத்தில், நடக்கத் தொடங்குமுன் மருந்துக் கடையில் மலிவாக விற்கும் காகிதப் பிளாஸ்ரரை ஒட்டுங்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் செய்து 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அது கொப்புளங்களை 40 சதவீதம் குறைத்தது. ஊருக்குப் போய் இறங்கினால், விமானத்தில் வீங்கிய கால் வற்ற ஓரிரு நாள் விட்டுப் புறப்படுங்கள். ஏற்புத் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

நடக்கும் நாட்களில் ஒரு ஒழுங்கை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு பின்னேரமும் காலைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் சிறு கண்ணாடி கொண்டு போங்கள், அல்லது கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் போடுமுன் சப்பாத்தைத் தட்டி உதறுங்கள். சிறு கொப்புளம் என்றால் உடைக்காமல் மூடி ஒட்டுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் தாமாக ஊசியால் குத்தவே கூடாது. அடுத்த முதலுதவி நிலையத்தில் காட்டவேண்டும். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, சூடாக வீங்கினாலோ, மணம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ நடை அத்தோடு போதும். வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குப் போங்கள். அடுத்த வருடமும் ஆடி வரும், காட்டுக் கதவும் திறக்கும்.

இன்றிரவு செய்யவேண்டியது ஒன்றுதான். வானொலியை நிறுத்தியதும் வீட்டில் அம்மாவையோ அப்பாவையோ படுக்கச் சொல்லி, அந்த ஆறு விரல்களையும் தொட்டுப் பாருங்கள். யாத்திரை போகாதவர்களுக்கும் அது நல்லது. போகிறவர்களுக்கு முருகன் துணை.